மாறுதலும் சிப்பந்திகளும்

செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் ஜாபிதாவில் இடம் பெற்றுவிட்டது. 2025-ம் வருஷம் ஜூலை மாதம் 11-ந் தேதி பாரிஸ் நகரில் கூடிய உலகப் பாரம்பரியக் கமிட்டி, மராட்டியரின் ராணுவ அரண்கள் என்ற தொகுதியாகப் பன்னிரண்டு கோட்டைகளை அந்த ஜாபிதாவில் சேர்த்துக்கொண்டது. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தது செஞ்சி ஒன்றுதான். இதைக் குறித்துத் தமிழ் மக்கள் பெருமை கொள்வது இயல்பே. அந்தப் பெருமையைப் பாடுவதற்குப் பலர் இருக்கிறார்கள். நாம் இன்று எழுத விரும்புவது, அந்தப் பெருமையைத் தினந்தோறும் காத்து நிற்கும் சிப்பந்திகளைப் பற்றியாகும்.

புராதனச் சின்னங்களில் வேலை செய்வோர் பல தரத்தினர். வாயிலில் சீட்டுக் கிழிப்பவர், காவல் நிற்பவர், புல் செதுக்குபவர், குப்பை வாருபவர், சரிந்த மதிலுக்குக் கல் எடுத்துக் கொடுப்பவர் என்று அவர்களை வரிசைப்படுத்தலாம். சிலர் நிரந்தர உத்தியோகஸ்தர். சிலர் ஒப்பந்தக்காரர் மூலமாக வந்தவர். சிலர் தினக்கூலி பெறுபவர். உலக ஜாபிதாவில் ஒரு சின்னம் ஏறியதும் இவர்களுடைய வேலையின் தன்மை மாறத்தான் வேண்டும். ஆறு வருஷத்துக்கு ஒருமுறை உலக ஸ்தாபனத்துக்கு நிலைமை அறிக்கை போக வேண்டும். பராமரிப்புக்கும், வருகிறவர்களின் சௌகரியத்துக்கும், கோட்டையைச் சுற்றியுள்ள நிலத்துக்கும் கடுமையான விதிகள் உண்டு. புதிய முறைகள் வரும். புதிய கருவிகள் வரும். புதிய ஆட்களும் வரலாம். அப்பொழுது பழைய ஆட்களின் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே: "நம் கதி என்ன?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது நிர்வாகத்தின் கடமை. பதில் நல்லதாக இருக்கலாம், கசப்பாகவும் இருக்கலாம். அது வேறு விஷயம். பதிலே சொல்லாமலிருப்பதுதான் பெருந்தீங்கு. மாறுதலைக் கண்டு மனிதன் அஞ்சுவதைவிட, என்ன மாறுகிறதென்று தெரியாமலிருப்பதைக் கண்டே அதிகமாக அஞ்சுகிறான். மேலதிகாரி மௌனமாக இருந்தால் அந்த மௌனத்தை யாராவது ஒருவர் வார்த்தைகளால் நிரப்பிவிடுவார். தேநீர்க் கடையில் ஒருவர் கேட்டதாகச் சொல்வது மறுநாள் உத்தரவாக மாறிவிடும். பிறகு அதிகாரி எவ்வளவு மெய்யுரைத்தாலும் அது எடுபடாது.

இதற்குச் சாட்சி தேட நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. செஞ்சி மலையே சாட்சி கூறும். சத்ரபதி சிவாஜி 1677-ம் வருஷத்தில் இக்கோட்டையைக் கைப்பற்றினார். அவருடைய குமாரர் ராஜாராம் 1689-ல் இங்கே வந்து தங்கினார். அவரைப் பிடிப்பதற்காக ஔரங்கசீப் சக்கரவர்த்தி அனுப்பிய ஜுல்பிகர் கான் 1690-ல் வந்து கோட்டையை முற்றுகையிட்டான். சக்கரவர்த்தியின் மகன் காம்பக்ஷும், ஜுல்பிகரின் தந்தையும் பிரதம மந்திரியுமான ஆஸாத் கானும் பின்னர் வந்து சேர்ந்தார்கள். பீரங்கிக்கும் ஆள்பலத்துக்கும் குறைவில்லாத சேனை அது.

1692-ம் வருஷக் கடைசியில் சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற மராட்டியத் தளபதிகள் குதிரைப்படையுடன் வந்து, முற்றுகையிட்டவர்களையே சூழ்ந்துகொண்டார்கள். பாசறைக்குத் தானியம் வருவது குறைந்தது. அதைவிட முக்கியமாக, சக்கரவர்த்தியின் முகாமிலிருந்து கடிதம் வருவது நின்றது. செய்தி நின்ற சில நாட்களுக்குள் வதந்தி பிறந்தது. ஔரங்கசீப் காலமாகிவிட்டார் என்று பாசறையெங்கும் பேச்சாயிற்று. அடுத்த பட்டம் யாருக்கு என்ற கவலையும், தந்தை இல்லாதபோது தன் உயிருக்கு என்ன நேருமோ என்ற அச்சமும் இளவரசனைப் பிடித்துக்கொண்டன. அவன் எதிரியாகிய ராஜாராமுடனேயே ரகசியமாகப் பேசத் தொடங்கினான். தளபதிகள் அவன் மீது சந்தேகங்கொண்டு அவனைக் காவலில் வைத்தார்கள். 1693-ம் வருஷத் தொடக்கத்தில் அந்தப் பெருஞ்சேனை முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கிற்று. கோட்டை விழுவதற்கு 1698 வரை ஆயிற்று. இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஔரங்கசீப் சக்கரவர்த்தியோ 1707 வரை உயிரோடு இருந்தார்!

பசியும் பின்வாங்குவதற்கு ஒரு காரணமே. எனினும் ஒரே கொடியின் கீழ் நின்றவர்களை ஒருவருக்கொருவர் பகையாக்கியது பசியன்று. நம்பத்தகுந்த செய்தி இல்லாதபோது, ஒவ்வொருவனும் மற்றவனைப் பற்றி மிகக் கெட்டதையே ஊகித்தான். இன்றைய காரியாலயங்களிலும் தொழிற்சாலைகளிலும் மாறுதல் காலத்தில் நடப்பது இதுவேயல்லாமல் வேறென்ன? பழைய ஆள் புதிய ஆளைச் சந்தேகிக்கிறான். நிரந்தர ஆள் ஒப்பந்த ஆளை முறைத்துப் பார்க்கிறான். நடுவிலிருக்கும் மேஸ்திரியோ இரு பக்கத்துக்கும் வெவ்வேறு வார்த்தை சொல்லித் தன்னைக் காத்துக்கொள்கிறான்.

இனி நம் தொழிலாளர் சரித்திரத்திலிருந்து ஓர் உதாரணம் பார்ப்போம். விழுப்புரம் ஜங்ஷன் வழியே ரெயில் ஓட்டி வந்த தென்னிந்திய ரெயில்வே கம்பெனியின் பழைய தொழிற்சாலை நாகப்பட்டினத்தில் இருந்தது. அதைத் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள பொன்மலைக்கு மாற்றுவதென்று கம்பெனி தீர்மானித்தது. பொன்மலையில் நவீன இயந்திரங்களுடன் பெரிய தொழிற்சாலை எழுந்தது. தொழில் நோக்கில் பார்த்தால் அது தவறான காரியமென்று சொல்ல முடியாது. சிதறிக் கிடந்த வேலைகளை ஓரிடத்தில் சேர்ப்பதில் லாபம் உண்டு. ஆனால் கடற்கரை ஊரில் தலைமுறையாகக் குடியிருந்தவர்களுக்கு அது வீட்டை விட்டு, உறவை விட்டு, பழகிய பட்டறையை விட்டுப் புறப்படுவதாகும். அத்துடன், புதிய இயந்திரங்கள் வந்ததால் ஆட்கள் அதிகம் என்று சொல்லி, ஆயிரக்கணக்கானவர்களைக் குறைக்கக் கம்பெனி முற்பட்டது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்யத் தொழில் பரீட்சை ஒன்றை ஏற்படுத்திற்று.

பல வருஷமாகச் சம்மட்டி பிடித்தவனை அழைத்து, உனக்குத் தொழில் தெரியுமா என்று பரீட்சித்தால் அவன் என்ன நினைப்பான்? வெளியே தள்ளுவதற்கு ஏற்படுத்திய சாக்கு என்றே தொழிலாளர் அதைக் கருதினார்கள். 1928-ம் வருஷம் ஜூன் கடைசியில் பட்டறைகளின் கதவு அடைக்கப்பட்டது. ஜூலை 19-ந் தேதி நள்ளிரவிலிருந்து ரெயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. பத்து நாட்களுக்குப் பிறகு அது முறிந்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறை சென்றார்கள். எத்தனையோ குடும்பங்கள் வேலையிழந்தன. லண்டனில் இருந்த முதலாளிகளுக்கும் பொன்மலைத் தொழிலாளிக்கும் இடையே கடல் மட்டுமா இருந்தது? ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பமுடியாத நிலைமையும் இருந்தது. தீர்மானம் மேலே நடந்தது. அதன் விளைவு மட்டும் கீழே வந்து சேர்ந்தது. அளவுகோலை வகுப்பதில் அளக்கப்படுகிறவனுக்குச் சொல் இல்லை. இந்த அடிப்படைக் குறைதான் ஒரு தொழிற்சாலை இடமாற்றத்தை ஒரு மாகாணத்தின் கலவரமாக்கிற்று என்பது நமது அபிப்பிராயம்.

அந்நிய நாட்டு அனுபவமும் இதையே வலியுறுத்துகிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா ராஜ்யத்திலுள்ள ஹார்வுட் என்ற துணி தைக்கும் தொழிற்சாலையில் நடந்த ஆராய்ச்சியை கோச், பிரெஞ்சு என்ற இருவர் 1948-ல் வெளியிட்டார்கள். வேலை முறையில் சிறு மாறுதல்கள் செய்யப்பட்டன. ஒரு கோஷ்டியாரிடம், இன்றுமுதல் முறை மாறுகிறது என்று வழக்கம்போல் அறிவித்ததோடு சரி. மற்றச் சில கோஷ்டியாரிடம் மாறுதல் ஏன் அவசியம் என்று விளக்கி, புதிய முறையை வகுப்பதில் அவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் கோஷ்டியின் உற்பத்தி விழுந்து, எழவேயில்லை. நாற்பது நாட்களுக்குள் நூற்றுக்கு 17 பேர் வேலையை விட்டுப் போனார்கள். கலந்து செய்த கோஷ்டிகளில் ஒருவர்கூட விலகவில்லை. உற்பத்தியும் முன்னிருந்ததைவிட அதிகமாயிற்று. இதற்கு மேல் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முதல் கோஷ்டியில் எஞ்சியவர்களையே சில மாதம் கழித்து வேறொரு வேலைக்கு மாற்றியபோது, இம்முறை அவர்களையும் கலந்துகொண்டு செய்தார்கள். அவர்களும் விரைவில் தேறிவிட்டார்கள். ஆட்கள் அவர்களே, மாறியது நடத்திய விதம் ஒன்றே. சிப்பந்திகள் பிடிவாதக்காரர்கள் என்று குறை கூறும் அதிகாரிகள் இதைச் சற்று யோசித்துப் பார்க்கட்டும்.

நம் தேசத்திலும் நல்ல முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. பாங்கிகளில் கணிப்பொறி நுழைந்தபோது, பேரேடு எழுதிப் பிழைத்த லட்சக்கணக்கான குமாஸ்தாக்கள் கலங்கினார்கள். வேலை போய்விடும் என்று தொழிற்சங்கங்கள் பலமாக எதிர்த்தன. ஆனால் 1983-ம் வருஷத்தில் பாங்கி நிர்வாகங்களும் சங்கங்களும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. எவ்வகை இயந்திரம், எந்த வேலைக்கு என்பதை எழுத்தில் வகுத்தார்கள். அதன் பின்னர் 1987-லும் 1993-லும் வேறு ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. வேலை மெதுவாகத்தான் நடந்தது என்று சிலர் குறை சொல்லலாம். மெதுவாக நடந்தாலும் முறியாமல் நடந்ததல்லவா? இன்று எந்தப் பாங்கியிலும் பேரேட்டைத் திரும்பக் கொண்டுவா என்று கேட்பார் இல்லை.

சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்லுகிறது? 1947-ம் வருஷத்திய கைத்தொழில் தகராறுச் சட்டத்தில் 1956-ல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. சம்பளம், வேலை நேரம், ஆட்குறைப்பை விளைவிக்கக்கூடிய இயந்திர மாறுதல் முதலிய விஷயங்களில் முதலாளி கைவைப்பதற்கு முன், 21 நாள் நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்று அப்பிரிவு விதித்தது. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்த விதி இருக்கிறது. இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனத்தில் குறைகேட்கும் கமிட்டி இருக்கவேண்டும் என்றும் அத்தொகுப்பு கூறுகிறது. ஆனால், சர்க்கார் உத்தியோக விதிகளுக்கு உட்பட்ட ஊழியருக்கு மேற்படி நோட்டீஸ் பாதுகாப்பு இல்லை. மத்திய சர்க்கார் சிப்பந்திகளுக்கென்று 1966-ல் ஏற்பட்ட கூட்டு ஆலோசனைச் சபைகள் உண்டு என்பது மெய்தான். எனினும் ஒப்பந்தக்காரரின் கீழ் துடைப்பம் பிடிக்கும் பெண்ணுக்கு அந்தச் சபையில் ஆசனம் ஏது?

ஆகவே, சட்டம் எட்டாத இடத்தில் நியாயபுத்திதான் வேலை செய்யவேண்டும். அதிலும், 21 நாள் என்பது குறைந்தபட்சக் கெடு. ஒரு தாளைச் சுவரில் ஒட்டி 21 நாட்களை எண்ணினால் கடமை தீர்ந்தது என்று நினைப்பது நோட்டீஸ் கொடுத்ததாகுமேயன்றி, மனிதரோடு பேசியதாகாது.

இதற்கு எதிராக மூன்று ஆட்சேபங்களைச் சாதாரணமாகக் கேட்கிறோம். முன்கூட்டிச் சொன்னால் கிளர்ச்சி செய்வார்கள் என்பது முதலாவது. பொன்மலை அனுபவம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: கலந்துகொள்ளாமல் செய்ததால் கிளர்ச்சி நின்றுவிடவில்லை. திட்டம் இன்னும் முடிவாகவில்லை, எதைச் சொல்வது என்பது இரண்டாவது. முடிவாகவில்லை என்பதையே சொல்லலாமே! எது தீர்மானமாயிற்று, எது ஆகவில்லை, ஆகாதது எந்தத் தேதிக்குள் தெரியும் என்று மூன்று வாக்கியங்களில் கூறினால் பாதி வதந்தி அன்றே செத்துவிடும். அவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்பது மூன்றாவது ஆட்சேபம். இதைக் கேட்கும்போதுதான் நமக்கு வருத்தம் உண்டாகிறது. ராஜகிரிப் படிகளில் மழைக்காலத்தில் எந்தப் படி வழுக்கும், எந்தச் சுவரில் அரசங்கன்று வேர்விட்டிருக்கிறது, கல்யாண மஹாலுக்குள் எந்த நேரத்தில் கூட்டம் நெருக்கும் என்பதெல்லாம் தினம் அங்கே நிற்பவனுக்குத்தான் தெரியும். டில்லியிலோ சென்னையிலோ உட்கார்ந்து நகல் தயாரிப்பவருக்குத் தெரியாது. அவனிடம் சொல்வதனால் அவனுக்கு மட்டும் நன்மையன்று. அவனிடம் கேட்பதனால் திட்டத்துக்கும் நன்மை.

இவ்விஷயத்தில் உலகப் பாரம்பரியக் கமிட்டியின் கொள்கையும் நம் பக்கமே இருக்கிறது. 2002-ல் புடாபெஸ்ட் நகரில் அது வகுத்த நான்கு லட்சியங்களில் செய்தித் தொடர்பு ஒன்று. 2007-ல் ஸ்தல ஜனசமூகம் என்பதையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டது. கோட்டையில் ஊழியம் செய்வோரில் பலர் அந்த வட்டார ஜனங்களாகவே இருப்பது வழக்கம். அவர்களைக் கலந்துகொள்ளாமல் ஜனசமூகத்தைக் கலந்துகொண்டோம் என்று அறிக்கை எழுதுவது எப்படிப் பொருந்தும்?

எனவே, செஞ்சிக் கோட்டையின் பரிபாலனத்துக்குப் பொறுப்பான தொல்பொருள் இலாகாவினருக்கு நாம் சில யோசனைகள் கூற விரும்புகிறோம். வேலை முறையில் எந்த மாறுதல் செய்வதாயினும், உத்தரவு பிறப்பதற்கு முன்பே சிப்பந்திகளைக் கோட்டையிலேயே கூட்டி, என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது, எப்பொழுது, யார் யாருக்கு என்ற நான்கையும் தமிழில் வாயால் சொல்லவேண்டும். பிறகு அதையே தமிழில் எழுதி வாயிலில் ஒட்டவேண்டும். நிரந்தர ஊழியரென்றும் ஒப்பந்த ஊழியரென்றும் கூட்டத்தில் பேதம் கூடாது. மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று கேள்விகளுக்கு இடம் தரவேண்டும். சென்ற மாதம் பதிலில்லாமல் நின்ற கேள்விக்கு முதலில் பதில் வரவேண்டும். புதிய கருவி வருமாயின், அதைக் கையாளப் பழைய ஆட்களுக்கே முதலில் பயிற்சி அளிக்கவேண்டும். குறைக்கவேண்டிய வேலை ஏதேனும் இருந்தால், அதை மறைக்காமல் சொல்லி, வேறு எந்த வேலை கொடுக்கமுடியும் என்பதையும் உடனே சொல்லவேண்டும். கெட்ட செய்தியைக் காலத்தில் கேட்டவன் தன் குடும்பத்துக்கு ஒரு வழி தேடிக்கொள்வான். கடைசி நாளில் கேட்டவன் என்ன செய்வான்?

இவற்றுக்குப் பெரும் பணச் செலவு ஒன்றுமில்லை. ஒரு மணி நேரமும், சற்றுப் பொறுமையும், கேள்வி கேட்டவன் மீது பின்னால் வஞ்சம் தீர்க்காத நேர்மையும் போதும். கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கேள்வி கேட்டவனை மறுமாதம் தொலைதூரத்துக்கு மாற்றிவிட்டால், அதற்குப் பிறகு நூறு கூட்டம் போட்டாலும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

சிப்பந்திகளுக்கும் கடமை உண்டு. காதில் விழுந்ததையெல்லாம் நம்பி, மற்றவர் காதில் போடுவது அவர்களுக்கே தீங்கு. சந்தேகத்தை அதிகாரியின் முன் கேள்வியாக வைக்கவேண்டும். பழகிய முறை என்பதற்காகவே ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பதும் நியாயமாகாது. மெய்யான காரணம் சொல்லப்பட்டு, தங்கள் வார்த்தைக்கும் மதிப்புக் கொடுக்கப்பட்டால், புதிய முறைக்கு ஒரு நியாயமான சோதனைக் காலம் அளிக்கவேண்டியது அவர்கள் பொறுப்பு. தொழிற்சங்கத் தலைவர்களும் பேச்சுவார்த்தையில் கேட்டதை அப்படியே அங்கத்தினருக்குச் சொல்லவேண்டும். அதிகாரி மறைப்பது குற்றமானால், தலைவர் திரித்துக் கூறுவதும் குற்றமே.

கோட்டைக்கு மட்டும் இதைச் சொல்கிறோம் என்று எவரும் கருதவேண்டாம். 1993-ல் தென்னாற்காடு ஜில்லா பிரிந்து விழுப்புரம் ஜில்லா ஏற்பட்டது. 2019-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஜில்லா பிரியும்போதெல்லாம், நம் பெயர் எந்த ஜாபிதாவில் இருக்கும், சீனியாரிட்டி என்னவாகும் என்ற கவலை குமாஸ்தாவுக்கு எழுவது சகஜம். நெல் மூட்டைகள் வந்து குவியும் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் போன்ற இடங்களில் ஏலமும் எடையும் புதிய முறைக்கு மாறுமானால், அங்கே மூட்டை சுமப்பவனுக்கும் அதே கவலைதான். தாலுகா கச்சேரி, பஸ் டிப்போ, பாங்கிக் கிளை, பேரூராட்சி எல்லாவற்றுக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

1928-ல் சொல் கேளாதிருந்தது கடல் கடந்த கம்பெனி. இன்று மேலே இருப்பவரும் நம்மவர். கீழே இருப்பவரும் நம்மவர். பேசும் பாஷையும் ஒன்று. அன்றைய கம்பெனிக்குச் சொல்லிக்கொள்ள ஏதேனும் சாக்கு இருந்திருக்கலாம். இன்றைய நிர்வாகிகளுக்கு அதுவும் கிடையாது. செஞ்சி மலை மீது வந்து சேராத கடிதம் ஒரு பெருஞ்சேனையைக் கலைத்ததை அக்கோட்டையின் மதில்கள் பார்த்திருக்கின்றன. அதே மதில்களைக் காக்கும் எளிய மனிதருக்குச் சேரவேண்டிய செய்தியை இலாகா அதிகாரிகள் காலத்தில் சேர்ப்பார்களென நம்புகிறோம். முதல் கூட்டத்தை இந்த மாதத்திலேயே கூட்டவேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.